கூப்பிட்டால் திரும்பிப் பார்க்குமா? குரல் கேட்கும் மெய்நிகர் செல்லப்பிராணிகளின் உள்வேலை

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் இருந்த தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கியது. இப்போது ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வைத்துக்கொள்ளலாம். உரிமம் எடுக்க வேண்டும், மைக்ரோசிப் பொருத்த வேண்டும். நாய் என்றால் அனுமதிக்கப்பட்ட சிறிய இனங்களில் ஒன்றே ஒன்று. விதி தளர்ந்தாலும் எல்லா வீட்டிலும் பிராணி வளர்க்க முடிவதில்லை. தும்மலும் தோல் அரிப்பும் உள்ள பிள்ளை, வாடகை வீடு, காலையில் பூட்டினால் இரவில்தான் திறக்கும் வீடு என்று தடைகள் பல. அப்படிப்பட்ட வீடுகளில் பிள்ளை நாய்க்குட்டி கேட்டு அடம்பிடிக்கும்போது, கணினியிலும் கைப்பேசியிலும் ஓடும் மெய்நிகர் செல்லப்பிராணி ஒரு வழியாகத் தெரிகிறது. 'உங்கள் குரலைப் புரிந்துகொள்ளும்' என்பதுதான் இவற்றின் முதல் விளம்பர வாசகம்.

இதைப் பார்க்கும் பெற்றோருக்கு மூன்று சந்தேகங்கள் வருகின்றன. தமிழில் சொன்னால் கேட்குமா? ஒரு நேரம் கேட்டது மறுநேரம் ஏன் கேட்பதில்லை? பிள்ளை பேசுவதெல்லாம் எங்கேயாவது பதிவாகிறதா? மூன்றுக்கும் பொதுவாக ஒரே விடை சொல்ல முடியாது. 'குரலைப் புரிந்துகொள்ளும்' என்ற அந்த ஒரு வாசகத்துக்குப் பின்னால் நான்கு வெவ்வேறு தொழில்நுட்பங்கள் இருக்கின்றன. உங்கள் திரையில் ஓடுவது எந்த வகை என்று தெரிந்தால்தான் விடை கிடைக்கும்.

நான்கு வகைக் காது

1. சத்தத்தை மட்டும் கேட்பவை. மைக்கில் ஒலி ஒரு அளவைத் தாண்டினால் பிராணி எதையாவது செய்யும், அல்லது கேட்டதைத் திருப்பிச் சொல்லும். இதற்கு நம் ஊரிலேயே ஒரு முன்னோடி உண்டு. சிம் வோங் ஹூ தொடங்கிய சிங்கப்பூர் நிறுவனமான கிரியேட்டிவ் டெக்னாலஜி 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையை வெளியிட்டது. தொடக்ககால அட்டைகளோடு பேசும் கிளி ஒன்றும் மென்பொருளாக வந்தது. மைக்கில் பேசினால் திரையில் இருக்கும் கிளி அதையே திருப்பிச் சொல்லும். 2010இல் வந்து உலகம் முழுக்கப் பரவிய டாக்கிங் டாம் பூனையும் அடிப்படையில் இதே வேலையைத்தான் செய்தது. குரலின் சுருதியை மட்டும் ஏற்றிக் கொடுத்தது. இரண்டுக்கும் ஒரு சொல்கூடப் புரியாது. தமிழ், மலாய், சீனம், கைதட்டல் எல்லாம் அவற்றுக்கு ஒன்றுதான்.

2. மாதிரியோடு ஒப்பிடுபவை. முதலில் நீங்கள் பெயரையோ கட்டளையையோ சில முறை சொல்லிப் பழக்க வேண்டும். அந்த ஒலியின் வடிவத்தை மென்பொருள் சேமித்து வைத்துக்கொள்ளும். பிறகு நீங்கள் பேசும்போது புதிய வடிவத்தைப் பழைய வடிவத்தின்மேல் வைத்து, இரண்டு கோலங்களைப் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடுவதுபோல ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரே சொல்லை ஒருமுறை வேகமாகவும் மறுமுறை மெதுவாகவும் சொல்வோம் என்பதால், நேரத்தை இழுத்தும் சுருக்கியும் பொருத்தும் கணக்குமுறை ஒன்று உண்டு. அந்த முறையை ஜப்பானைச் சேர்ந்த சாகோயேவும் சிபாவும் 1978இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை பரவலாக்கியது. 2005இல் நின்டென்டோ வெளியிட்ட நின்டென்டாக்ஸ் விளையாட்டில் நாய்க்குட்டிக்குப் பெயரையும் வித்தைகளையும் நம் குரலிலேயே சொல்லிப் பழக்கலாம்.

3. பட்டியலில் உள்ள சொற்களை மட்டும் அறிபவை. யார் பேசினாலும் கேட்கும், பழக்கத் தேவையில்லை. ஆனால் தயாரித்தவர்கள் முன்கூட்டியே வைத்த சொற்களுக்கு மட்டும்தான் அசையும். 1998இல் ஜப்பானில் வந்த 'ஹே யூ, பிக்காச்சு' விளையாட்டு இந்த வகை. அதற்கென்றே தனி மைக்கும் குரலறியும் கருவியும் கொடுத்தார்கள். பிள்ளைகளின் உயர்ந்த சுருதிக் குரலுக்கு ஏற்ப அதை அமைத்திருந்ததால், பெரியவர்கள் பேசினால் பிக்காச்சு பெரும்பாலும் திருதிருவென்று விழிக்கும்.

4. பேச்சை முழுவதும் எழுத்தாக மாற்றுபவை. நீங்கள் எதைச் சொன்னாலும் அதை வாக்கியமாக்கி, அந்த வாக்கியத்தை ஒரு பெரிய மொழி மாதிரியிடம் (கேட்டதற்கு மனிதர்போலப் பதில் எழுதும் ஏஐ மென்பொருளிடம்) கொடுத்து, அது தரும் பதிலைப் பிராணியின் குரலில் பேச வைக்கும். இன்று 'ஏஐ செல்லப்பிராணி' என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை இந்த வகை.

விலையும் பகட்டும் மேலிருந்து கீழே கூடிக்கொண்டே போகும். ஆனால் நான்காவதுதான் எல்லாருக்கும் சிறந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நமக்கு வேண்டிய ஒரு காரியத்தில் இரண்டாவது வகை மற்ற எல்லாவற்றையும் மிஞ்சுகிறது. அது என்ன என்று சொல்வதற்கு முன், மைக்குக்கும் வாலாட்டலுக்கும் நடுவில் நடப்பதைப் பார்த்துவிடலாம்.

மைக்கிலிருந்து வாலாட்டல்வரை

மைக் காற்றின் அதிர்வை மின் அலையாக மாற்றுகிறது. பேச்சறிதலுக்கு வழக்கமாக அந்த அலையை நொடிக்கு 16,000 முறை அளந்து எண்களாக எடுத்துக்கொள்வார்கள். பிறகு சுமார் 25 மில்லிநொடித் துண்டுகளாக, 10 மில்லிநொடிக்கு ஒன்றாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று கணக்கிடுவார்கள். 'வா' என்று ஒருமுறை சொன்னால் இப்படிச் சில பத்துத் துண்டுகள் கிடைக்கும். 'ஆ' என்பதற்கும் 'ஈ' என்பதற்கும் வாயின் வடிவம் வேறு. அதனால் ஆற்றல் குவியும் இடமும் வேறு. எந்த உயிரெழுத்து என்பதைக் கணினி இதைக்கொண்டுதான் கண்டுபிடிக்கிறது.

அடுத்து, பேச்சு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று முடிவெடுக்க வேண்டும். சிறிது நேரம் அமைதி நீடித்தால் 'பேசி முடித்துவிட்டார்' என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். பிள்ளைகளின் பேச்சு சிக்கிக்கொள்ளும் முதல் இடம் இதுதான். "டாமி..." என்று கூப்பிட்டு, அது திரும்புகிறதா என்று பார்த்துவிட்டு, "...இங்க வா" என்று முடிப்பார்கள். நடுவில் விட்ட இடைவெளியில் மென்பொருள் முதல் பாதியை வெட்டி அனுப்பிவிட்டிருக்கும். இரண்டாம் பாதி வரும்போது அது முதல் பாதியை ஆராய்ந்துகொண்டிருக்கும்.

மனிதர்கள் பேசிக்கொள்ளும்போது ஒருவர் முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக 200 மில்லிநொடி அளவே போகிறது. திரையில் இருக்கும் நாய்க்குட்டி ஒரு நொடி, ஒன்றரை நொடி எடுத்தால் பிள்ளைக்கு அது 'கேட்கவில்லை' என்றுதான் படும். உடனே இன்னும் சத்தமாக, இன்னும் இழுத்து, "வாஆஆ" என்று கத்தும். பெரியவர்களும் இதையே செய்கிறோம். ஆனால் மென்பொருள் பழகியது இயல்பான பேச்சில். அழுத்தி, இழுத்து, எழுத்து எழுத்தாக உச்சரிக்க உச்சரிக்க, பழகிய வடிவத்திலிருந்து ஒலி விலகிப்போகிறது. கத்தினால் இன்னும் குறைவாகவே கேட்கும் என்பதுதான் இதில் பலருக்கும் புரியாத விஷயம். பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டிய முதல் பாடமும் இதுவே: ஒரு நொடி பொறு, பிறகு பக்கத்திலிருப்பவரிடம் பேசுவதுபோலச் சொல்.

கடைசிப் படி, நம்பிக்கை அளவு. மென்பொருள் 'இது "உட்கார்" என்ற கட்டளைதான்' என்று உறுதியாகச் சொல்வதில்லை. 'இவ்வளவு சாத்தியம்' என்று ஒரு மதிப்பெண் மட்டும் தரும். அந்த மதிப்பெண் எந்தக் கோட்டைத் தாண்டினால் பிராணி அசைய வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர் முடிவுசெய்கிறார். கோட்டை உயர்த்தினால், சரியாகச் சொன்னாலும் பிராணி பேசாமல் இருக்கும். தாழ்த்தினால், தொலைக்காட்சியில் வசந்தம் செய்தி ஓடும்போதே எழுந்து நின்று வாலாட்டும். இரண்டு பிழையையும் ஒரேயடியாக ஒழிக்கும் கோடு எதுவும் இல்லை. 'சில நேரம் கேட்கிறது, சில நேரம் கேட்பதில்லை' என்பதன் பெரும்பகுதி இந்தக் கோட்டின் அருகில் நடக்கும் ஊசலாட்டமே.

வீட்டுச் சூழலும் சேர்ந்துகொள்ளும். நம் வீடுகளில் தரையோடும் வெறுஞ்சுவரும் ஒலியை எதிரொலிக்கும். நிற்கும் மின்விசிறி, குக்கர் விசில், கீழே ரயில் போகும் சத்தம் எல்லாமே அந்த 25 மில்லிநொடித் துண்டுகளுக்குள் கலந்துவிடும். இன்னொன்றும் உண்டு. நாய்க்குட்டி ஒலிபெருக்கியில் குரைக்கிறது, அந்தக் குரைப்பு மைக்குக்குள் போகிறது, அதையும் யாரோ பேசியதாக எடுத்துக்கொண்டு மறுபடி குரைக்கிறது. மைக்கோடு கூடிய சாதாரண ஹெட்செட் ஒன்றை மாட்டிவிட்டால் எதிரொலியும் இந்தச் சுழற்சியும் பெருமளவு நின்றுவிடும். மென்பொருளை மாற்றுவதற்கு முன் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

தமிழில் கூப்பிட்டால்

முதல் வகைக்கு மொழியே இல்லை, அதை விட்டுவிடலாம். மூன்றாம் வகையில் தமிழ்ச் சொற்கள் பட்டியலில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை, பெரும்பாலும் இருப்பதில்லை. சரி, ஆங்கிலத்திலேயே 'சிட்', 'கம்' என்று சொல்லிவிடலாம் என்றாலும் ஒரு சிக்கல். நம் ஊர் ஆங்கிலத்தில் சொல்லின் கடைசி மெய்யொலியை முழுதாக வெளிவிடாமல் தொண்டையோடு நிறுத்திவிடுகிறோம். 'சிட்' என்பதும் 'சிக்' என்பதும் ஏறத்தாழ ஒன்றாக ஒலிக்கும். 'சிட்', 'சீட்' என்ற குறில் நெடில் வேறுபாடும் பலர் பேச்சில் மங்கிவிடுகிறது. அமெரிக்கப் பேச்சில் பழகிய பட்டியலுக்கு இது கடினம். பிள்ளையின் உச்சரிப்பில் குறை என்று இதைக் கருதக் கூடாது. அந்தப் பட்டியலை உருவாக்கியவர்கள் சிங்கப்பூர்க் குரலைச் சேர்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நான்காம் வகையில் நிலைமை மாறிவருகிறது. கூகல் 2017 ஆகஸ்ட்டில் குரல்வழித் தட்டச்சில் தமிழைச் சேர்த்தது. ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர் மாதிரியும் தமிழை எழுத்தாக்கும். ஆனால் விஸ்பரைப் பழக்கிய 680,000 மணி நேர ஒலியில் ஆங்கிலம் தவிர்த்த 96 மொழிகளின் எழுத்தாக்கத்துக்கு மொத்தமே 117,000 மணி நேரம்தான். அதில் தமிழுக்குக் கிடைத்தது சிறு துணுக்கு. கிடைத்த தமிழும் பெரும்பாலும் பெரியவர்கள் பேசிய தமிழாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

பிள்ளைகளின் குரல்வளையும் வாயும் சிறியவை. அதனால் சுருதி மட்டுமல்ல, உயிரொலிகளின் ஆற்றல் குவியும் இடங்களும் மேலே நகர்ந்திருக்கும். பெரியவர் குரலில் பழகிய மென்பொருள் எந்த மொழியிலும் பிள்ளைகளிடம் அதிகம் தடுமாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தமிழில் இதற்குமேல் இன்னும் இரண்டு தடைகள்.

ஒன்று, எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தூரம். கட்டளைப் பட்டியலில் 'உட்கார்' என்று எழுதியிருப்பார்கள். வீட்டில் எந்தப் பிள்ளை நாய்க்குட்டியிடம் 'உட்கார்' என்று சொல்கிறது? 'ஒக்காரு' என்றுதான் சொல்லும். 'கொண்டு வா' என்பது 'கொண்டா' ஆகும். பேச்சு வடிவங்களை மென்பொருளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்காவிட்டால் அது அவற்றை வேறு சொல்லாகத்தான் பார்க்கும்.

இரண்டு, மொழிக் கலப்பு. "டாமி, அந்த பால கேட்ச் பண்ணு லா" என்பது சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளையின் முழுமையான, இயல்பான வாக்கியம். பெரும்பாலான மென்பொருள்களோ தொடக்கத்திலேயே 'ஒரு மொழியைத் தேர்ந்தெடு' என்று கேட்கின்றன. தமிழைத் தேர்ந்தால் 'கேட்ச்' தடுமாறும். ஆங்கிலத்தைத் தேர்ந்தால் வாக்கியம் முழுதுமே போய்விடும்.

இது தீராத பிரச்சினை அல்ல. தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் திரட்டியிருக்கும் தேசியப் பேச்சுத் தொகுப்பில் சிங்கப்பூர் ஆங்கிலத்தோடு, சீனம், மலாய், தமிழ் கலந்து பேசும் உரையாடல்களும் இருக்கின்றன. ஏ-ஸ்டார் ஆய்வு அமைப்பு 2024 இறுதியில் வெளியிட்ட மெராலயன் என்ற பேச்சு மாதிரி இத்தகைய உள்ளூர்க் குரல்களை மனத்தில் வைத்து உருவானது. கருவிகள் வரத் தொடங்கிவிட்டன. அவற்றை எடுத்துச் செல்லப்பிராணி மென்பொருளுக்குள் வைக்கத் தயாரிப்பாளர்கள் மனம்வைக்க வேண்டும்.

அதுவரை? இங்கேதான் இரண்டாம் வகை, அந்தப் பழைய ஒப்பீட்டு முறை, கைகொடுக்கிறது. அதற்கு எந்த மொழியும் தெரியாது. நீங்கள் பழக்கிய ஒலி மட்டும்தான் தெரியும். 'ஒக்காரு' என்று பழக்கினால் 'ஒக்காரு'வுக்கு உட்காரும். ஆச்சி வீட்டில் கேட்ட செல்லப் பெயரை வைத்தால் அந்தப் பெயருக்குத் திரும்பும். பிள்ளையின் குரலிலேயே பழகியதால் பிள்ளைக்குத்தான் நன்றாகக் கேட்கும். வயதும் உச்சரிப்பும் அதற்குத் தடையே இல்லை. குறை என்னவென்றால், ஒருவர் பழக்கியதை மற்றவர் சொன்னால் சரியாகக் கேட்காது. சளி பிடித்துக் குரல் மாறினால் உரியவரிடமே தயங்கும். பத்துப் பதினைந்து கட்டளைகளுக்குமேல் போனால் ஒன்றோடொன்று குழம்பும். 'வா', 'போ' போன்ற ஓரசைச் சொற்களைவிட 'இங்க வா', 'தள்ளிப் போ' என்று சற்று நீளமான, ஒன்றுபோல் ஒலிக்காத கட்டளைகளாகப் பழக்கினால் குழப்பம் குறையும். சிறு பிள்ளைக்கு எது வேண்டும் என்று கேட்டால் இந்த வகையைத்தான் பரிந்துரைப்பேன்.

இதைச் சின்ன விஷயமாக நினைக்க முடியவில்லை. 2010, 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டால், வீட்டில் அதிகம் பேசும் மொழியாகத் தமிழைச் சொன்ன இந்தியர்களின் விகிதம் குறைந்திருக்கிறது. பிள்ளை ஆசையாகக் கூப்பிடும் ஒன்று ஆங்கிலத்துக்கு மட்டும் திரும்பிப் பார்த்தால், நாளடைவில் அதனிடம் ஆங்கிலத்தில் மட்டுமே பேசும். தமிழுக்கு வாலாட்டும் நாய்க்குட்டி, அது திரையில் இருந்தாலும், தமிழ் பேச ஒரு துணை.

பதில் பேசும் பிராணியில் மறையும் பிழை

பழைய மென்பொருளுக்குப் புரியாவிட்டால் நாய்க்குட்டி தலையைச் சாய்த்துப் பார்க்கும். பிழை கண்ணுக்குத் தெரியும்; பிள்ளை மறுபடி சொல்லும். நான்காம் வகையில் அப்படி இல்லை. பேச்சை எழுத்தாக்கும் பகுதி தவறாகக் கேட்டாலும், அந்தத் தவறான வாக்கியத்துக்கு மொழி மாதிரி சரளமாக, அன்பாகப் பதில் சொல்லிவிடும். பிழை நடந்ததே வெளியில் தெரியாது. விஸ்பர் போன்ற மாதிரிகள் யாருமே பேசாத அமைதியிலும் விசிறி இரைச்சலிலும் இல்லாத வாக்கியங்களை எழுதுவது உண்டு. பிராணி அதற்கும் பதில் பேசும்.

என்ன பேசும் என்பது இதைவிடப் பெரிய கேள்வி. 2025 நவம்பரில், சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட ஃபோலோடாய் நிறுவனத்தின் 'கும்மா' என்ற பேசும் கரடிப் பொம்மையைச் சோதித்த அமெரிக்க நுகர்வோர் அமைப்பான பிஐஆர்ஜி, அது பிள்ளைகளுக்கு ஒவ்வாத பாலியல் பேச்சுக்கும் ஆபத்தான பொருள்கள் பற்றிய விவரங்களுக்கும் போனதாக அறிக்கை வெளியிட்டது. நிறுவனம் விற்பனையை நிறுத்திவைத்தது. பொம்மைக்குள் இருந்தது பெரியவர்களுக்கான பொது மொழி மாதிரி. கரடியின் உருவம் போட்டதால் அது பிள்ளைகளுக்கானதாகிவிடவில்லை. திரையில் ஓடும் நாய்க்குட்டிக்கும் இதே நியாயம்தான். உரையாடல் நீள நீளத் தடுப்புகள் தளர்வதும் இத்தகைய மாதிரிகளில் தெரிந்த குறை. அதனால் பிள்ளை இதனோடு தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதை விட, கூடத்தில் பெரியவர் காதுபடப் பேசுவதே சரி.

குரல் எங்கே போகிறது

1998இல் வந்த ஃபர்பி பொம்மை கேட்டதைப் பதிவுசெய்யும் என்று அஞ்சி, அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவை தன் வளாகத்துக்குள் அதைக் கொண்டுவரத் தடை விதித்த செய்தி 1999 ஜனவரியில் வெளியானது. ஃபர்பிக்கு உண்மையில் பதிவுசெய்யும் ஆற்றலே இல்லை. 2017இல் நிலைமை தலைகீழ். கிளவுட்பெட்ஸ் என்ற இணையப் பொம்மைகளின் சேமிப்பகம் பூட்டில்லாமல் திறந்து கிடந்ததால், பெற்றோரும் பிள்ளைகளும் பேசி அனுப்பிய 2 மில்லியனுக்கும் அதிகமான குரல் பதிவுகள் வெளியாட்கள் எடுக்கும் நிலையில் இருந்தன. அதே ஆண்டு ஜெர்மனி 'மை ஃப்ரெண்ட் கெய்லா' பொம்மையை ஒளிந்து கேட்கும் கருவி என்று வகைப்படுத்தித் தடைசெய்தது. 2023இல் அலெக்ஸா வழியாகப் பிள்ளைகளின் குரல் பதிவுகளை நீக்காமல் வைத்திருந்ததாக எழுந்த வழக்கில் அமேசான் 25 மில்லியன் அமெரிக்க டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

முதல் இரண்டு வகைகளுக்குக் குரலைக் கணினிக்கு வெளியே அனுப்ப வேண்டிய தேவை இல்லை. மூன்றாவதும் பெரும்பாலும் அப்படியே. நான்காவது வகைதான் வழக்கமாகக் குரலையோ அதன் எழுத்து வடிவத்தையோ தொலைவில் உள்ள சேவையகத்துக்கு அனுப்புகிறது.

சிங்கப்பூரில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இதற்குப் பொருந்தும். ஆளை அடையாளம் காட்டும் குரல் பதிவு தனிநபர் தகவலே. அதைத் திரட்ட ஒப்புதல் வேண்டும். நோக்கத்தைச் சொல்ல வேண்டும். நோக்கம் முடிந்த பிறகு வைத்திருக்கக் கூடாது. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். பிள்ளைகளின் தகவல் பற்றி 2024 மார்ச்சில் வந்த வழிகாட்டியின்படி, 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. இணையத்தோடு இணையும் சாதனங்களுக்கு இணையப் பாதுகாப்பு முகவை 2020 முதல் நான்கு நிலைத் தரமுத்திரை தருகிறது. பொம்மையாகவோ இயந்திர நாயாகவோ வாங்குவதானால் பெட்டியில் அதைத் தேடலாம். வெறும் மென்பொருளில் அந்த முத்திரையை எதிர்பார்க்க முடியாது.

வீட்டிலேயே சோதிக்க

1. கைதட்டுங்கள், பிறகு பொருளில்லாத ஓர் ஒலி எழுப்புங்கள். கட்டளைக்கு அசைவதுபோலவே அசைந்தால் அது முதல் வகை.

2. அம்மா பழக்கிய கட்டளையை அப்பா சொல்லிப் பாருங்கள். அம்மாவுக்கு மட்டும் கேட்டால் இரண்டாம் வகை.

3. வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். கேட்காவிட்டால் குரலோ அதன் எழுத்து வடிவமோ வெளியே போய்வர வாய்ப்பு அதிகம். கேட்டால், அறிதல் கணினிக்குள்ளேயே நடக்கிறது என்று மட்டும் சொல்லலாம். இணைப்பு வந்ததும் எதையும் அனுப்பாது என்பதற்கு இது சான்று ஆகாது.

4. தொலைக்காட்சியை ஓடவிட்டு எல்லாரும் சிறிது நேரம் பேசாமல் இருங்கள். அடிக்கடி பதில் சொன்னால் நம்பிக்கைக் கோடு மிகத் தாழ்வாக இருக்கிறது. அமைப்புகளில் மைக்கின் உணர்திறனைக் குறைத்துப் பாருங்கள்.

5. மென்பொருளை மூடிய பிறகு மைக் அடையாளம் அணைகிறதா என்று கவனியுங்கள். ஐபோனிலும் மேக்கிலும் ஆரஞ்சுப் புள்ளி, ஆண்ட்ராய்டில் பச்சை, விண்டோஸில் பணிப்பட்டையில் மைக் சின்னம். அணையாவிட்டால் அமைப்புகளில் அந்த மென்பொருளுக்கான மைக் அனுமதியை எடுத்துவிடுங்கள்.

6. கணக்குப் பக்கத்தில் பழைய குரல் பதிவுகளைக் கேட்கவும் நீக்கவும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால், தனியுரிமை அறிக்கையில் கொடுத்துள்ள தகவல் பாதுகாப்பு அதிகாரியின் மின்னஞ்சலுக்கு, ஒப்புதலைத் திரும்பப் பெறுவதாகவும் பதிவுகளை நீக்கும்படியும் எழுதுங்கள். பதில் வராவிட்டால் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் முறையிடலாம். அந்த அறிக்கையில் தொடர்புகொள்ள ஒரு முகவரிகூட இல்லாத மென்பொருளுக்கு மைக் அனுமதி கொடுக்காதீர்கள்.